அதிர்ந்து பேசக் கூடாத தீவு

பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்து, பிரசவத்துக்கோ பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளவோ சான்பிரான்சிஸ்கோ பக்கம் போய்வந்த தாய்மார்கள் நம் வாசகிகளில் நிறையப் பேர் இருப்பீர்கள். கோல்டன் கேட் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்பியிருக்க மாட்டீர்கள். அங்கே நிற்கும்போது எல்லாரும் ஊர்ப் பக்கம்தான் பார்க்கிறோம். முதுகுக்குப் பின்னால், மேற்கே, திறந்த கடல். மூடுபனி விலகிய நாளில் அந்தப் பக்கம் உற்றுப் பார்த்தால் அடிவானத்தில் கூர்கூராகச் சில கறுப்புப் புள்ளிகள் தெரியும். பழைய மாலுமிகள் அவற்றுக்குப் பிசாசின் பற்கள் என்று பெயர் வைத்தார்கள். பூகோளப் படத்தில் இருக்கிற பெயர், ஃபாரலோன் தீவுகள்.

பாலத்திலிருந்து சுமார் 27 மைல் தூரம். எல்லாப் பாறைகளையும் சேர்த்தாலும் 211 ஏக்கர்தான். தஞ்சாவூர் ஜில்லாவில் அந்தக் காலத்து மிராசுதார் ஒருவரிடமே அதற்கு மேல் நிலம் இருந்திருக்கும்! நமக்கெல்லாம் அங்கே இறங்க அனுமதி கிடையாது. காசு கொடுத்தாலும் கிடையாது, சிபாரிசு பிடித்தாலும் கிடையாது. வனவிலங்குகளின் புகலிடம் அது. படகில் போய்த் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். அவ்வளவுதான்.

நான் பெண் வீட்டில் டிசம்பரிலிருந்து மே வரை தங்கியிருந்தேன். ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது இந்தப் பயணம் வாய்த்தது. "அம்மா, ஸ்வெட்டருக்கு மேல இந்தக் கோட்டையும் போட்டுக்கோ" என்றாள் பெண். மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டேன். பாலத்துக்கு அடியில் புகுந்து திறந்த கடலுக்கு வந்ததும், மார்கழி விடியற்காலையில் குளத்தில் முழுகி எழுந்த மாதிரி ஒரு குளிர்! அலை படகைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். (அதற்கு என்ன செய்துகொள்ளலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.)

தீவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. லட்சக்கணக்கான கடற்பறவைகளின் எச்சம்! அடுத்தபடியாகக் காதுக்கு. கடல் சிங்கங்களின் குரைப்பும் பறவைகளின் இரைச்சலும் கலந்து, கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று என்று சொன்ன நேரம் போல ஒரே அமளி. அப்புறம்தான் மூடுபனிக்குள்ளிருந்து பாறை மெதுவாக வெளியே வருகிறது.

படகு தள்ளியே நின்றது. தீவின் பெரும்பகுதியைச் சுற்றி 300 அடிக்குள் படகு வரக் கூடாது என்பது கலிபோர்னியா மாநிலத்தின் விதி. விமானங்கள் தாழப் பறக்கவும் தடை. மாப்பிள்ளையிடமிருந்து தொலைநோக்கியை வாங்கிக் கண்ணில் வைத்தேன். உச்சியில் ஒரு லைட் ஹவுஸ். அடிவாரத்துச் சமதரையில் அடுத்தடுத்து இரண்டு பழைய வீடுகள். லைட் ஹவுஸ் காவலர்களின் குடும்பங்களுக்காக நூறு வருஷத்துக்கும் முன்னால் கட்டியவை. இப்போது ஆராய்ச்சியாளர்கள் தங்குகிறார்கள். கரையோரத்தில் ஒரு கிரேன். அந்தக் கிரேன்தான் தீவுக்கு வாசற்படி! படகைக் கட்டி இறங்கத் துறை கிடையாது. ஆளை வலையில் ஏற்றியோ, சிறு படகோடு சேர்த்தோ, கிரேன் தூக்கி மேலே வைக்கிறது. அரிசி பருப்பு மாதிரி அவர்களுக்கு வேண்டிய சாமானும் அப்படித்தான் போய்ச் சேர வேண்டும். குடிக்க மழைத் தண்ணீர். விளக்கெரிக்க சூரிய ஒளி மின்சாரம்.

அந்தப் பாறைச் சரிவில் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு விசித்திரமாக இருந்தது என்னவென்றால், அவள் நிமிர்ந்து நடக்கவில்லை. முதுகை வளைத்து, கிட்டத்தட்டத் தவழ்கிற மாதிரி, நாலடி வைப்பதும் நிற்பதுமாகப் போனாள். இடுப்பு வலியோ என்று கூட நினைக்கத் தோன்றியது. படகில் எங்களுக்கு விவரம் சொல்லிக்கொண்டு வந்த அம்மாளைக் கேட்டேன். "கீழே சீல் படுத்திருக்கிறதே, அது மிரண்டுவிடக் கூடாது, அதற்காகத்தான்" என்றார்.

இரைச்சலுக்கே பேர் போன ஒரு தீவில், மனுஷர்கள் மட்டும் தவழ்ந்து போக வேண்டியிருக்கிறது! இதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முட்டைக்காக ஒரு துப்பாக்கிச் சண்டை

மனுஷர்கள் அங்கே எப்போதும் இப்படிப் பதுங்கி நடந்தவர்கள் அல்ல. 1800களின் தொடக்கத்தில் பாஸ்டனிலிருந்து வந்த கப்பல்காரர்களும், பின்னால் ரஷ்யர்களும் இந்தப் பாறைகளில் இறங்கி ரோமச் சீல்களைத் தோலுக்காக அடித்தே கொன்றார்கள். சில பத்து வருஷங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. யானைச் சீல்களுக்கும் அதே கதி. அவை கொழுப்புக்காகப் போயின. விளக்கெரிக்க எண்ணெய் வேண்டுமே!

அப்புறம் 1849இல் தங்க வேட்டை. சான்பிரான்சிஸ்கோவில் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். கோழி இல்லை, முட்டை இல்லை. சிலர் படகேறித் தீவுக்குப் போய் 'மர்' என்ற கடற்பறவையின் முட்டைகளைக் கூடை கூடையாக அள்ளி வந்து விற்றார்கள். மர் பார்ப்பதற்குக் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிற வக்கீல் மாதிரி இருக்கும். கூடு கட்டுகிற வழக்கமே இல்லை. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பருவத்தின் முதல் நாளில் கண்ணில் பட்ட முட்டைகளையெல்லாம் காலால் மிதித்து உடைத்துவிடுவார்கள். பறவை மறுபடி இடுவது புதிது அல்லவா? கெட்டுப் போன முட்டை கூடைக்குள் வராமல் இருக்க இப்படி ஒரு யுக்தி! லாபம் யாருக்கு என்பதில் 1863இல் இரண்டு கும்பல்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இரண்டு உயிர் போயிற்று. முட்டைக் கம்பெனியை அரசாங்கம் 1881இல் வெளியேற்றியது. லட்சக்கணக்கில் இருந்த மர் பறவைகள் இருபதாம் நூற்றாண்டில் சில ஆயிரமாகக் குறுகின.

லைட் ஹவுஸ் காவலர்களும் குடும்பத்தோடு இருந்தார்கள். அந்த வாழ்க்கை லேசானது இல்லை. 1898இல் கிறிஸ்துமஸ் சமயம், பீமன் என்ற காவலரின் 11 வயது மகனுக்கு உடம்பு மோசமாகிவிட்டது. டாக்டர் இருப்பது 27 மைலுக்கு அப்பால். புயல் அடிக்கிற கடலில் சின்னப் படகில் பிள்ளையைப் படுக்க வைத்து, கைக்குழந்தையையும் இடுப்பில் எடுத்துக்கொண்டு பெற்றவள் கூடவே போனாள். பாலுக்கு அழுகிற குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியுமா? சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள், பிள்ளை பிழைக்கவில்லை. அந்த வீடுகளைத் தொலைநோக்கியில் பார்த்தபோது எனக்கு அந்த அம்மாளின் நினைவுதான் வந்தது.

இன்னொரு சமாசாரமும் சொல்லிவிடுகிறேன். 1946 முதல் 1970 வரை அணுசக்திக் கழிவை அடைத்த பீப்பாய்கள் 47,000க்கும் மேல் இந்தத் தீவுகளுக்குப் பக்கத்துக் கடலில் கொட்டப்பட்டன. ஆமாம், இதே தேசத்தில்தான்! இன்றைக்கு அதே இடத்தில் சீல் திரும்பிப் பார்த்தால் கூடக் குறிப்பெடுக்கிறார்கள். காலம் எப்படியெல்லாம் மாறுகிறது பாருங்கள்.

சட்டத்தில் எழுதியிருக்கிற ஒரு வார்த்தை

1909இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வெளிப் பாறைகளைப் புகலிடமாக அறிவித்தார். வீடுகளும் லைட் ஹவுஸும் இருக்கிற தென்கிழக்குத் தீவு 1969இல் சேர்ந்தது. அதற்கு முந்தின வருஷம் முதலே பறவை ஆராய்ச்சியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். பாயின்ட் ரேயஸ் பறவை ஆய்வகம் என்று அன்றைக்குப் பெயர். 2013இல் பாயின்ட் புளூ என்று மாற்றிக்கொண்டார்கள். 1972இல் லைட் ஹவுஸ் தானாக எரியும்படி ஆகிவிட்டது. காவலர்கள் போனார்கள், ஆராய்ச்சியாளர்கள் தங்கினார்கள்.

அதே 1972இல் அமெரிக்காவில் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. திமிங்கிலம், டால்பின், சீல், கடல் சிங்கம் எல்லாம் இதில் அடக்கம். கொல்லக் கூடாது, பிடிக்கக் கூடாது, தொந்தரவும் செய்யக் கூடாது. தொந்தரவு என்றால் என்ன? அதை 1994இல் விளக்கி எழுதினார்கள். காயம் உண்டாக்கக் கூடியது ஒரு வகை. அதனுடைய இயல்பான நடத்தையைக் குலைக்கக் கூடியது இன்னொரு வகை. எந்த நடத்தை? வலசை போவது, மூச்சு விடுவது, இனம் பெருக்குவது, இரை தின்பது, ஒதுங்கியிருப்பது என்று சொல்லிக்கொண்டே போகிறது. அதில் பாலூட்டுவதும் ஒன்று. பெண் சொல்லிக்கொண்டு வந்தபோது அந்த இடத்தில் 'நிறுத்து, இன்னொரு தரம் சொல்லு' என்றேன். பால் கொடுத்துக்கொண்டிருக்கிற தாயைக் கிளப்பிவிடுவது குற்றம் என்று ஒரு பார்லிமெண்டு கூடிச் சட்டம் எழுதியிருக்கிறது, அதுவும் சீலுக்கு! நம்மூர் பஸ் ஸ்டாண்டுகளில் கைக்குழந்தைக்காரி ஒதுங்க இடம் தேடி அலைவதை நினைத்துக்கொண்டேன். அதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

இந்தச் சட்டம் வேட்டைக்காரனுக்கு மட்டும் இல்லை. காப்பாற்ற வந்தவனுக்கும் இதேதான். ஆராய்ச்சி பறவைகளைப் பற்றியது. ஆனால் பறவைக் கூட்டுக்குப் போகிற வழியில் சீல் படுத்திருக்கிறதே! கிரேனுக்கு எண்ணெய் போட வேண்டும், பாதையில் விழுந்த கல்லை நகர்த்த வேண்டும்; பக்கத்துப் பாறையில் கடல் சிங்கம் வெயில் காய்கிறது. 'நல்ல காரியத்துக்குத்தானே போகிறோம்' என்ற சாக்குச் செல்லாது. பாயின்ட் புளூ ஆட்கள் அமெரிக்க மீன்வளத் துறையிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். எந்த ஜாதியில் எத்தனை பிராணிகள் அசையக் கூடும் என்று எண்ணிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி கொடுக்கலாமா என்று 30 நாள் பொதுஜன அபிப்பிராயம் கேட்கிறார்கள். அதற்குப் பிறகும் அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான்.

அனுமதிச் சீட்டோடு நிபந்தனைகளும் வருகின்றன. படித்தால், குழந்தையைத் தொட்டிலில் போட்டுத் தூங்க வைத்த வீட்டில் பாட்டி போடுகிற உத்தரவு போலவே இருக்கிறது. குரலைத் தாழ்த்து. உடம்பைத் தாழ்த்து. மெதுவாகப் போ. குட்டிகள் இருக்கிற இடமானால் வேலையைத் தள்ளிப் போடு. ஒரு முறை போகிற போக்கில் இரண்டு வேலையை முடித்துக்கொள், வீணாக நடக்காதே. பறவைகளைப் பார்ப்பதானால் மறைப்புக்குள் உட்கார்ந்து பார். (தென்கிழக்குத் தீவின் வடக்குத் துறையில் இப்படி ஒரு மறைப்பு இருக்கிறது. ஒரு பக்கம் மர் பறவைகளை எண்ணலாம்; மறுபக்கம் சீல்களின் கண்ணில் ஆள் தெரியாது.)

எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இதுதான்: கிட்டப் போவதற்கு முன்னால் முதலில் கடலைப் பார். வெள்ளைச் சுறாவோ கொலைத் திமிங்கிலமோ சுற்றிக்கொண்டிருந்தால் சீல் பக்கம் போகவே போகாதே. ஏன் என்று யோசியுங்கள். மனுஷனைக் கண்டு மிரண்ட சீல் எங்கே ஓடும்? தண்ணீருக்குள். தண்ணீரில் யார் காத்திருக்கிறார்கள்? செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஃபாரலோனைச் சுற்றி வெள்ளைச் சுறாக்கள் வருகின்றன; இளம் யானைச் சீல் என்றால் அவற்றுக்கு விருந்து. சுறா தின்பது சுறாவின் பாடு. நாம் துரத்திக் கொண்டுபோய் அதன் வாயில் போடக் கூடாது!

மிரட்சியை அளக்க மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். சீல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தால் முதல் படி. தன் உடம்பைப் போல இரண்டு மடங்கு தூரமாவது நகர்ந்தாலோ, போய்க்கொண்டிருந்தது சட்டென்று திரும்பினாலோ இரண்டாவது படி. கடலுக்குள் பாய்ந்தால் மூன்றாவது. முதல் படி தொந்தரவில் சேராது. மற்ற இரண்டும் சேரும். ஒவ்வொரு முறையும் எத்தனை தலை, எந்த ஜாதி, எந்தப் படி என்று எழுதி வைத்து, வருஷக் கடைசியில் கணக்குக் கொடுக்க வேண்டும். இதைப் பார்ப்பதற்கென்றே மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் பொறுப்பில் இருப்பார்.

"இத்தனாயிரம் சீலை மிரட்டலாம்னு கவர்மெண்டே எண்ணிக்கை போட்டுக் குடுத்துடுதே, அத்தை! அப்புறம் என்ன பாதுகாப்பு?" என்று மாப்பிள்ளை கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கடல் சிங்கங்களுக்கு அனுமதிக்கிற எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. ஆனால் எண்ண வேண்டும் என்று வந்துவிட்டால் கை தானாக ஜாக்கிரதையாகிறது என்பது என் அபிப்பிராயம். ரேஷன் சர்க்கரை வாங்கிய காலத்தில், எத்தனை கரண்டி போனது என்று எழுதி வைத்த வீட்டில்தான் மாசக் கடைசியிலும் காபி கிடைத்தது.

பாலில் பாதி கொழுப்பு!

மிரண்டு ஓடினால்தான் என்ன, திரும்பி வந்துவிடாதா என்று கேட்பவர்கள் ஒரு தடவை அன்யோ நுவேவோவுக்குப் போக வேண்டும். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 55 மைல், காரில் போய்விடலாம். ஸ்பானிய மொழியில் புத்தாண்டு என்று அர்த்தம். 1603 ஜனவரியில் ஒரு ஸ்பானியக் கடலோடி வைத்த பெயர். கரையை ஒட்டி, கால்வாய் மாதிரி கடல் குறுக்கிட, சின்னதாக ஒரு தீவு. பாயின்ட் புளூவின் அனுமதியில் இந்தத் தீவும் சேர்ந்ததுதான். தீவில் ஆராய்ச்சியாளர்கள் மட்டும். எதிரே நிலப்பகுதி மணல்மேட்டில் நம்மைப் போன்றவர்களை வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார்கள். ஃபாரலோனுக்கு முன்னாலேயே, பொங்கல் கழிந்த கையோடு நாங்கள் அங்கே போய் வந்தோம்.

தீவில் பழைய காவலர் வீடு ஒன்று இருக்கிறது. 1948இல் மனுஷர்கள் காலி செய்தார்கள். கதவு ஜன்னல் போன பிறகு கடல் சிங்கங்கள் குடியேறிவிட்டன! கூடத்தில், தாழ்வாரத்தில், எங்கே பார்த்தாலும் அவைதான்.

யானைச் சீலில் ஆண் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் இருக்கும். தும்பிக்கை மாதிரி மூக்கு. பெண் சிறியது. கர்ப்பிணிகள் டிசம்பரிலிருந்து கரையேறுகின்றன. வந்து ஒரு வாரத்துக்குள் குட்டி. பிறக்கும்போது குட்டி ஏறக்குறைய 35 கிலோ. அதற்கப்புறம் நான்கு வாரம் தாய் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. ஒரு வாய் இரை கிடையாது, தண்ணீர் கிடையாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை உருக்கி உருக்கிப் பாலாகக் கொடுக்கிறது. தாய்ப்பாலிலும் பசும்பாலிலும் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு அளவில்தான் இருக்கும். யானைச் சீலின் பால் முடிவு நாட்களில் நூற்றுக்கு 50க்கு மேல் கொழுப்பு! நாலு வாரத்தில் குட்டி 130 கிலோவைத் தொடுகிறது. தாய் தன் எடையில் பத்தில் நான்கு பங்கை இழந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அவ்வளவுதான் வளர்ப்பு. அதற்குமேல் பால் கிடையாது. அந்த நான்கு வாரத்தில் எவ்வளவு குடித்ததோ அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டுதான் குட்டி நீந்தப் பழக வேண்டும்.

ஆக, இந்த நாலு வாரத்தில் ஒரு கலவரம் நடந்தால் என்ன ஆகும்? கூட்டம் நாலு பக்கமும் ஓடும். ஓடுகிற ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான கிலோ. குட்டி அடியில் மாட்டிக்கொண்டால் நசுங்கிவிடும். மாட்டாமல் தப்பித்தாலும் தாயும் குட்டியும் பிரிந்துபோகும். குரலாலும் வாசனையாலும்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் இரண்டு ஆண்கள் முட்டிக்கொண்டன. இடையில் ஒரு குட்டி கத்திக்கொண்டு உருண்டு ஒதுங்கியது. தாய் கழுத்தை நீட்டிக் கூப்பிட்ட குரல் அப்படியே மாட்டுக்கொட்டிலில் கேட்கிற குரல்தான்.

ஆண்கள் சண்டை போடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. அது அவற்றின் வழி. அதற்கு மேல் நம் பங்காக ஒரு மிரட்டல் வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தீவில் பறவைக் கூடுகளைப் பார்க்கப் போகும்போது, சீல் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தால் மண்ணில் தவழ்ந்தே போக வேண்டும் என்று நிபந்தனை. கூடுகள் என்றேனே, அவை என்ன தெரியுமா? சுட்ட மண்ணால் செய்த வளைகள்! மண்ணைக் குடைந்து கூடு வைக்கிற ஒரு கடற்பறவை அங்கே உண்டு. மண் அரித்துப் போவதாலும் மேலே கனமான மிருகங்கள் நடப்பதாலும் அதன் வளை இடிந்துவிடும். 2010இல் கலிபோர்னியாவில் கலைக் கல்லூரி மாணவர்கள் பீங்கான் களிமண்ணில் வளை செய்து சூளையில் சுட்டுக் கொடுத்தார்கள். மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். நம் குயவர் கையில் கொடுத்திருந்தால் இதைவிட அழகாகச் செய்திருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

வேலைக்கு மாதம் ஏது?

இவ்வளவு தொந்தரவு என்றால் மனுஷர்கள் தீவை விட்டே வந்துவிட்டால் என்ன? இதையும் கேட்டுப் பார்த்தேன். 1968இலிருந்து விடாமல் எண்ணிக்கொண்டு வருகிற கணக்கு அறுந்துபோகும் என்கிறார்கள். கடல் சூடானால், மீன் குறைந்தால், முதலில் தெரிவது அந்தப் பறவைகளின் முட்டைக் கணக்கில்தான். யாரும் இல்லாவிட்டால் படகுக்காரர்கள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்ற பயமும் உண்டு.

இருந்துதான் ஆக வேண்டும் என்றால் வீடு ஒழுகக் கூடாது, கிரேன் அறுந்து விழக் கூடாது. மராமத்துக்கு எந்த மாதத்தை எடுப்பது என்பதில்தான் சங்கடம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை யானைச் சீல் பிரசவம். வசந்த காலத்தில் புள்ளிச் சீல்கள். ஏப்ரல், மே முதல் பறவைகள் முட்டையிடுகின்றன. ஜூன், ஜூலையில் கடல் சிங்கங்களும் ரோமச் சீல்களும் குட்டி போடுகின்றன. முகூர்த்த நாள் பார்ப்பது போலப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால், பறவைகள் பறந்துபோன இலையுதிர் காலம் ஒன்றுதான் ஓரளவு தேறுகிறது. அந்தக் காலத்திலோ கடலில் சுறா! ஆகவே அப்போதும் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சுத்தியலைத் தூக்க வேண்டும்.

எலிகளின் விவகாரம் வேறு ஓடுகிறது. பழைய கப்பல்களோடு வந்த சுண்டெலிகள் தீவு முழுக்கப் பெருகிவிட்டன. எலிக்காக ஆந்தைகள் தங்குகின்றன. எலி குறைகிற மாதங்களில் அபூர்வமான ஒரு சின்னக் கடற்பறவையை ஆந்தைகள் பிடித்துத் தின்கின்றன. ஹெலிகாப்டரிலிருந்து விஷம் தூவி எலிகளை அடியோடு ஒழிக்கப் புகலிடத்துத் துறை திட்டம் போட்டது. கூடாது என்று பலத்த எதிர்ப்பு. 2021 டிசம்பரில் கலிபோர்னியாவின் கடற்கரை ஆணையம் நிபந்தனைகளோடு ஒப்புதல் அளித்தது. விஷம் என்று கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால் 1974இல் அங்கே முயல்களை ஒழித்த பிறகுதான் பறவைகளுக்குப் பல வளைகள் மீண்டும் கிடைத்தன என்பதும் வாஸ்தவம். தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை.

தீவு பலன் கண்டிருக்கிறதா என்றால், கண்டிருக்கிறது. ஒழிந்துபோன யானைச் சீல், ஃபாரலோனில் 1972இல் முதல் குட்டி போட்டது. மெக்ஸிகோவின் குவாடலூப் தீவில் தப்பிப் பிழைத்த நூறுக்கும் குறைவானவற்றிலிருந்து கிளைத்து, இன்றைக்கு அந்த இனம் இரண்டு லட்சத்துக்கு மேல். ரோமச் சீல் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு 1996இல் அங்கே மறுபடி குட்டி ஈன்றது. 2010களில் அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. மர் பறவைகளும் மறுபடி லட்சக்கணக்கில் நிற்கின்றன. தொலைநோக்கியில் பார்த்தால் பாறையே தெரியவில்லை!

போக நினைக்கிற வாசகிகளுக்குச் சில வார்த்தைகள். ஃபாரலோன் படகில் ஏறுவதற்கு முன்னால் வயிற்றைக் காலியாக விடாதீர்கள். எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லியோ காய்ந்த ரொட்டியோ போதும். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும். உள்ளே போய் உட்காராமல் காற்றாட நின்று, பார்வையை அடிவானத்தில் வையுங்கள். குமட்டல் மாத்திரை என்றால் படகு கிளம்ப ஒரு மணி முன்பே போட வேண்டும். கண் அழுத்த நோயோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அன்யோ நுவேவோவில் டிசம்பர் 15 முதல் மார்ச் 31 வரை வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு அவசியம். மணலில் சுமார் 3 மைல் நடக்க வேண்டும், ஆகவே முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். புடவை மணலில் புரளும், சல்வார் சௌகரியம். சீலிலிருந்து 25 அடி தள்ளியே நிற்க வேண்டும். மழைக்காலம் அது, ஆனால் குடை எடுத்துப் போகாதீர்கள். விரிக்க விட மாட்டார்கள், சீல் மிரளும். தலையோடு சேர்த்து மூடுகிற மழைக்கோட்டுதான் சரி.